இடது கையை நீட்டி நின்றவர்

நம் வயதுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் மகள் குத்துச்சண்டை வகுப்புக்குப் போகிறாள். நாற்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை. சனிக்கிழமை காலையில் நான் ஈசூனிலிருந்து கிளமெண்டிக்கு ரயிலேறி அவள் வீட்டுக்குப் போவது வழக்கம். போன மாதம் ஒருநாள், "தனியா உட்காந்து என்னம்மா செய்யப்போற, நீயும் வா, ஏர்கான் இருக்கு" என்று வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுற்றிலும் கண்ணாடி. பாட்டுச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. தரை துடைத்த எலுமிச்சை வாசம். எட்டுப் பெண்களும் இரண்டு ஆண்களும் தொங்குகிற மூட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற பையன் ஒவ்வொருவராக வந்து, "ஹேண்ட்ஸ் அப் லா! கன்னத்துல ஒட்டணும், கன்னத்துல!" என்று கைகளைத் தூக்கிவிட்டான். எல்லாரும் மோவாயை நெஞ்சில் புதைத்து, முழங்கையை விலாவோடு இறுக்கி, இரண்டு கையுறைகளுக்கும் நடுவே முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றார்கள். மழைக்கு நடுவில் முக்காடு போட்டு நடக்கிறவர்களைப்போல இருந்தது.

சுவரில் அலங்காரத்துக்காக ஒரு பழைய படம். உறை போடாத காலத்து வெள்ளைக்காரர் ஒருவர். முறுக்கிய மீசை, வெறும் முஷ்டி. இடது கையை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முன்னால் நீட்டி, வலது கையை வயிற்றோரம் வைத்து, உடம்பைப் பின்பக்கம் சாய்த்து, நிமிர்ந்து நிற்கிறார்.

"பாரும்மா, பஸ்ஸை நிறுத்துற மாதிரியே நிக்கிறார்" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மாவின் தம்பி. அவர் குத்துச்சண்டை போட்டவர் என்பதே மகளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே மிளகாய் அரைக்கும் மில். காலை பத்து மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கினால் மாடியில் இருக்கிற நான்கு குடும்பங்களும் வரிசையாகத் தும்மும். அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. மாமா அதே துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற வேலை. எங்களோடுதான் இருந்தார். இருபத்து நான்கு வயது. விடிவதற்குள் எழுந்து பீச் ரோடுவரை ஓடிவிட்டு வருவார். பிறகு கீழே, கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த ஐந்தடி வழி நடைபாதையில் கயிறு தாண்டுவார். அந்தக் கயிறு தரையில் படுகிற சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

உறைக்கு உள்ளே கையில் சுற்றிக்கொள்கிற நீளத் துணிகளை அம்மாதான் துவைப்பார். சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் அவை தொங்கும். எதிர்வீட்டு மாமி தினமும் கேட்பார்: "யாருக்கு அடிபட்டுச்சு, இவ்ளோ கட்டுத்துணி காயுது?" அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

அந்த வருடக் கடைசியில், அடுத்த வருடம் வெளிநாட்டில் நடக்கப்போகிற ஒரு போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தேர்வில் ஜெயித்தால் நெஞ்சில் நாட்டின் பெயர் போட்ட பனியன் கிடைக்கும். நாடே அப்போது புதிது. மாமா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஒரே ஒரு தடவை அந்த பனியனைப் போட்டுக்கிட்டு கப்பல் ஏறணும் அக்கா. சரக்கு இறக்க இல்ல. பயணியா."

அப்பா தலை நிமிராமல், "படிச்சிருந்தா எப்பவோ ஏறியிருக்கலாம்" என்றார். அவர்கள் இருவருக்கும் இடையில் பேச்சு அவ்வளவுதான். சண்டை என்று இல்லை. ஒருவரிடம் ஒருவர் எப்படிப் பேசுவது என்று இருவருக்குமே தெரியாது.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் பயிற்சியில் அடி வாங்கி, இடது கண் வீங்கி வந்தார். அம்மா முட்டையை வேகவைத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தார். வீட்டில் தைல வாடை. நான்கைந்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மாமா கெண்டியைச் சாய்த்தால் தேநீர் கோப்பைக்கு வெளியே விழுந்தது. ஐந்தடி வழித் தூண்களில் இடது தோள் உரசியது. ஒருநாள் சாப்பிடும்போது நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நாக்கைத் துருத்தினேன். கண்ணை உருட்டினேன். வழக்கமாகத் தலையில் குட்டுவார். அன்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஃபேரர் பார்க் திடலுக்கு அவரோடு போனேன். மழை பெய்து ஓய்ந்த மாலை. புல்லில் நடந்தால் செருப்புக்குள் தண்ணீர் ஏறியது. அங்கே கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு இந்தப் பக்கத்துக் கண்ணு தெரியலையா?"

நின்றுவிட்டார். "யார் சொன்னா?"

"நேத்து நாக்கைத் துருத்தினேன். நீங்க குட்டல."

முதலில் சிரித்தார். பிறகு ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஓரத்துலேருந்து கறுப்புத் துணியை இழுத்து மூடுற மாதிரி இருக்கு பாப்பா. தினம் கொஞ்சம் கொஞ்சமா. இப்ப முக்காவாசி மூடிடுச்சு."

"டாக்டர்கிட்ட போங்க."

"போனா, சண்டை போடலாம்னு கையெழுத்துப் போட மாட்டார். சண்டையே கெடையாதுன்னுடுவார். தேர்வு முடியட்டும், அப்புறம் நானே போறேன். ஆறு வாரம்தானே." என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "என் தலைமேல அடிச்சுச் சொல்லு. அக்காகிட்ட, அத்தான்கிட்ட, கோச்கிட்ட, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

சொன்னேன். முடி வியர்வையில் பிசுபிசுத்தது.

பிராஸ் பாசா பழைய புத்தகக் கடையில் அவர் எப்போதோ வாங்கிய ஒரு குத்துச்சண்டைப் புத்தகம் இருந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. மாமாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதுவரை படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வாரம் அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

"இந்தப் படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

மீசைக்காரர் படம். எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அந்தக் காலத்தில் உறை கிடையாது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்துகிறவன் விரல்தான் உடையும். அதனால் தலையை அதிகம் குறிவைக்க மாட்டார்கள். வயிறு, விலா, மூக்கு. எதிராளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போடலாம் என்றுகூட விதி இருந்தது. அதனால் யாரையும் நெருங்கவிடாமல் தள்ளி நிற்க வேண்டும். கையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, தலையைப் பின்னால் எடுத்து, கால்களை அகட்டி நின்றார்கள். உறை வந்தபிறகுதான் எல்லாம் மாறிப்போனது. பஞ்சு வைத்த உறைக்குள் கை பத்திரமாக இருந்ததால் பயமில்லாமல் தலையில் குத்தத் தொடங்கினார்கள். தலையில் குத்து விழுந்ததால் கைகள் மேலே ஏறின. பெரிய உறை, கேடயம்போல முகத்தை மறைத்தது. உடம்பு கூனியது.

"முன்னாடி கையை நீட்டுறதைப் பத்தி இன்னொரு தடவை படி."

படித்தேன். நீட்டிய கை, எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை அளக்கும் என்று ஒரு வரி இருந்தது. அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

"அதான் பாப்பா எனக்கு இல்லாமப் போச்சு. ஒத்தக் கண்ணால பாத்தா ஆளு தெரியுறான். கிட்ட நிக்கிறானா, தள்ளி நிக்கிறானான்னு தெரியல."

அன்று முதல் அலமாரிக் கண்ணாடி முன்னால் அந்த மீசைக்காரர்போல நின்று பழகினார். இருட்டறையில் சுவரைத் தேடுகிறவர் மாதிரி இடது கை முன்னால் நீண்டிருக்கும். அது எதிராளியின் உறையிலோ தோளிலோ பட்டவுடன், பட்ட இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு வலது கை பாயும்.

கோச்சுக்குப் பொறுக்கவில்லை. அவர் ஒரு சீனர், முன்னாள் வீரர், எல்லாரிடமும் சந்தையில் பேசுகிற மலாய் மொழியில்தான் பேசுவார். "அங்காட் தாங்ஙான்! அங்காட்!" என்று கையைத் தூக்கச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மாமா, "இதுதான் கோச் எனக்கு வசதி" என்று மட்டும் சொல்வார். அப்பா ஒருநாள் கண்ணாடிமுன் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பி சினிமா போஸ் குடுக்கிறான். தலைக்கனம்."

முதல் தேர்வுச் சண்டையில் மாமா ஜெயித்தார். அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக் கூட்டம் முதலில் ஊளையிட்டதாம். எதிராளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். நெருங்கப் போனால் எப்போதும் முகத்துக்கு முன்னால் ஒரு கை. அதைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் அடுத்த கை. இரண்டாவது சண்டையிலும் ஜெயித்தார். டன்லப் ஸ்ட்ரீட் பொடிசுகள் எல்லாம் இடது கையை நீட்டிக்கொண்டு திரிந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் மாமாவுக்குப் பாலை அதிகமாக ஊற்றிக் கொடுத்தார். அலுவலகத்தில் அப்பாவிடமும் யாரோ கைகுலுக்கியிருக்க வேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன் மாப்ள. பாப்பாவையும் கூட்டிட்டு வரேன்."

அப்பா அவரை மாப்ள என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். மாமாவின் முகம் மலர்ந்தது. உடனே என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஞாயிறு மாலை. தகரக் கூரை போட்ட மண்டபம், மேலே மழை. நாற்காலிகள் ஈரமாக இருந்தன. சுருட்டுப் புகையும் வியர்வையும் வறுத்த கச்சான் கடலை வாசமும் கலந்திருந்தன. துறைமுகத்து ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்வரிசையில் துறைமுகத்தில் மாமாவின் வேலைக் குழுவை மேய்க்கும் மண்டோர் உட்கார்ந்து அப்பாவுக்கு வணக்கம் வைத்தார்.

எதிராளி குட்டையான இளம் போலீஸ்காரன். கைகள் கன்னத்தோடு, மோவாய் நெஞ்சோடு. இன்றைக்கு என் மகள் நிற்கிறாளே, அதே மாதிரி. முதல் சுற்றில் மாமாவின் இடது கை அவனை நெருங்கவே விடவில்லை. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பரவாயில்லையே, பரவாயில்லையே" என்றார்.

இரண்டாவது சுற்றின் நடுவில் அவன் ஒரு முறை தடுமாறி மாமாவின் இடப்பக்கம் போனான். அங்கிருந்து வலது கையை வீசினான். மாமா அதைப் பார்க்கவே இல்லை. தலை அப்படியே திரும்பியது. அவன் ஒரு கணம் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு அவன் வேறு எந்தப் பக்கமும் போகவில்லை. இடப்பக்கமாகவே சுற்றினான். மாமாவின் நீட்டிய கை வெறுங்காற்றைத் தடவியது. ஒவ்வொரு குத்தும் காதுக்கு மேலே, கண்ணுக்கு ஓரத்தில். மூலையிலிருந்து கோச், "அங்காட் தாங்ஙான்!" என்று அலறிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் மாமாவின் கால் மடங்கியது. எழுந்தார். மறுபடியும் கையை நீட்டினார். எனக்குத் தாங்க முடியவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்கப்பா. மாமாவுக்கு அந்தக் கண்ணு தெரியாது. இடது கண்ணு. தெரியவே தெரியாது."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வினாடி. பிறகு எழுந்து நின்று, அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத குரலில் கத்தினார்.

"கையைத் தூக்குடா! திமிர் பிடிச்சவனே! ஸ்டைல் காட்டுறியா? தூக்குடா கையை!"

சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கூச்சலைத் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். "கையைத் தூக்கு! கையைத் தூக்கு!" மண்டபமே கத்தியது. மாமா சத்தம் வந்த திசையைத் தேடித் தலையைத் திருப்பினார். அடுத்த குத்தில் கயிற்றில் சாய்ந்தார். நடுவர் இருவருக்கும் இடையில் புகுந்து கைகளை விரித்தார். முடிந்தது.

வெளியே வரும்போது மண்டோரிடம் அப்பா, "பழைய படத்தைப் பாத்து ஆடினா இப்படித்தான். வேறென்ன" என்றார். மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டிருப்பார்.

நான் சொன்னதை அப்பா நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். தோற்றுப்போகிற மாமாவுக்காகச் சின்னப் பிள்ளை கட்டிய கதை என்று நினைத்திருப்பார். வீட்டில் மறுபடி சொல்ல எனக்குத் துணிவில்லை. தலையில் அடித்துக் கொடுத்த வாக்கை ஒருமுறை மீறியதே போதும் என்று இருந்தது. மாமா பிறகு டாக்டரிடம் போனார். திரும்பி வந்து, மாடிப்படியில் என்னிடம் மட்டும், "ரொம்ப நாள் விட்டுட்டேனாம் பாப்பா, இனிமே சரியாகாதாம்" என்றார். ஓடப் போவதை நிறுத்திவிட்டார். காலையில் கயிற்றுச் சத்தம் இல்லாமல் நாங்கள் தாமதமாக எழத் தொடங்கினோம். அப்பாவும் அவரும் ஒரே பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போவார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்காருவார்கள் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து, பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கப்பலிலிருந்து பாரந்தூக்கி இறக்கிய சரக்கு வலை, காற்றில் ஆடி மாமாவின் தலையில் மோதிவிட்டது. இடப்பக்கத்திலிருந்து வந்தது. கூட இருந்தவர்கள் கத்தினார்களாம். அவர் திரும்பினாராம், வேறு பக்கமாக.

துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கவனமில்லாமல் நின்றுவிட்டான். மண்டோர் சொன்னார். எதிர்வீட்டு மாமி சொன்னார். அம்மாவும் அழுகைக்கு நடுவில் அதையே சொல்லத் தொடங்கினார். "எத்தன தடவ சொன்னேன், பாத்து வேலை செய்டான்னு. கவனமே கெடையாது அவனுக்கு." நான் மூலையில் உட்கார்ந்து என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்து மீறினால் அந்தத் தலைக்கு ஆபத்து வரும் என்று பள்ளியில் பிள்ளைகள் சொல்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அதை எவ்வளவு வருடம் நம்பினேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கல்யாணம் ஆன பிறகும் நம்பினேன்.

வீடு மாறும்போது அந்தப் புத்தகம் எங்கே போனது என்று தெரியவில்லை. கைத்துணிகளை அம்மா மில்லுக்குப் போகும் சாக்குகளைக் கட்டக் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆனபோது உடம்பு முடியாமல் ஈசூன் வீட்டில் என்னோடு இருந்தார். ஒருநாள் காலை, அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். எதனால் என்று தெரியாது, கேட்டுவிட்டேன்.

"அப்பா, மாமாவோட கடைசிச் சண்டையில நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கேட்டுச்சு" என்றார்.

"நம்பலையா?"

"நம்புனேன். நீ சொன்ன உடனே எல்லாம் புரிஞ்சிடுச்சு. அவன் கையை ஏன் அப்படி நீட்டுறான்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "பின்னால அவனோட மண்டோர் உக்காந்திருந்தான். கண்ணு தெரியாதுன்னு அவன் காதுல விழுந்தா மறுநாளே வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்க. நீ இன்னும் சத்தமா சொல்லப் பாத்தே. அதான் கத்தினேன். வேற ஒண்ணும் தோணல."

"அப்புறம்?"

"அப்புறம் அவன்கிட்ட பேசணும்னு இருந்தேன். கிடங்குக்குள்ள ஒரு வேலை, மூட்டை பார்த்து எழுதுற ஆளுக்குத் துணையா. கேட்டா குடுத்திருப்பாங்க. ஆனா ஊரே பாக்க அவனைத் திமிர் பிடிச்சவன்னு கத்திட்டேன். போய் என்னன்னு ஆரம்பிக்கிறது? தினம் பஸ்ல அவன் முதுகைப் பாத்துக்கிட்டே போவேன். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு... நாலு மாசம்."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. நாற்பது வருடத்துக்குமேல் எத்தனையோ முறை ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்தது அவருக்குத் தெரியாது. அன்று மண்டபத்தில் மண்டோர் கேட்டிருந்தால் மாமாவுக்கு வேலை போயிருக்கும். வீட்டில் சும்மா இருந்திருப்பார். இருந்திருப்பார்.

கதவு திறந்தது. அம்மா இரண்டு பைகளோடு உள்ளே வந்தார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? யாராச்சும் போயிட்டாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்த பைகளை வாங்கினேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "உன் தம்பியைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"அவனைப் பத்தி என்ன பேச்சு" என்றார் அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னைக்குப் பேரப்பிள்ளைங்களோட இருந்திருப்பான்."

அப்பா அந்த வருடமே போய்விட்டார். அம்மா மேலும் ஆறு வருடம் இருந்தார். கடைசிவரை தன் தம்பிமேல் கோபமாகவே இருந்தார். ஒவ்வொரு முறை அவர் அதைச் சொல்லும்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.